மூன்று ஐபீஸ் போதும், ஆனால் எந்த மூன்று?

தொலைநோக்கி வைத்திருப்பவரிடம் எவரும் முதலில் கேட்பது ‘இது எத்தனை மடங்கு பெருசா காட்டும்?’ என்றுதான். கேட்பவர் மேல் தப்பில்லை. தொலைநோக்கி வந்த அட்டைப்பெட்டியே அதைத்தான் கொட்டை எழுத்தில் சொல்கிறது. 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சின்னக் குழலின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருப்பார்கள். கணக்கு சரிதான்: 700-ஐ 4 மி.மீ. ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் மாற்றத்தக்க வில்லைத் துண்டின், குவியத் தூரத்தால் வகுத்தால் 175, கூடவே கொடுக்கும் 3 மடங்கு பார்லோவையும் (உருப்பெருக்கத்தைக் கூட்ட ஐபீஸோடு சேர்த்து மாட்டும் வில்லை) மாட்டினால் 525. ஆனால் அந்த அமைப்பில் வியாழனைப் பார்த்தால் தெரிவது மங்கலாக நடுங்கும் ஒரு மஞ்சள் கறை. 60 மி.மீ. வில்லையால் பிரித்துக் காட்ட முடிந்த மிக நுண்ணிய இடைவெளி ஏறத்தாழ 1.9 ஆர்க் செகண்ட் (ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு; 116-ஐ விட்டத்தால் வகுத்தால் வரும் இந்த எண்ணை டாவ்ஸ் வரம்பு என்பார்கள்). சுமார் 120 மடங்கிலேயே அது முழுவதும் கண்ணுக்கு வந்துவிடும். அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே.

இந்தப் பெட்டி வாசகத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் இப்போது குறைவு. எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. இதைப் புரிந்துகொண்டவர்கள்கூட ஐபீஸ் வாங்கும்போது மறுபடியும் மடங்குக் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ‘50 மடங்குக்கு ஒன்று, 100-க்கு ஒன்று, 150-க்கு ஒன்று, 200-க்கு ஒன்று’ என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை நிரப்ப ஒரு அலுமினியப் பெட்டி தயாராக விற்கிறது. உள்ளே ப்ளோசல் என்ற நான்கு வில்லை வகை ஐபீஸ்கள் ஐந்தாறு, ஒரு பார்லோ, அரை டஜன் வண்ண வடிகட்டிகள், எல்லாம் கறுப்பு நுரையில் குழி வெட்டி அடுக்கப்பட்டிருக்கும். பார்க்க அழகு. ஆனால் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

அலுமினியப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்

அப்படிப்பட்ட பெட்டியில் 32, 17, 13, 8, 6 மி.மீ. ப்ளோசல்களும் ஒரு 2 மடங்கு பார்லோவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைநோக்கி பலரிடமும் உள்ள 200 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம், எஃப்/6 (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்) டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி. தனியாக மாட்டினால் கிடைப்பது முறையே 37, 70, 92, 150, 200 மடங்கு. பார்லோவோடு மாட்டினால் 75, 141, 184, 300, 400. மொத்தம் பத்து உருப்பெருக்கங்கள் என்று விளம்பரம் சொல்லும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 70-ம் 75-ம் ஒன்றுதான். 141-ம் 150-ம் ஒன்றுதான். 184-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தை கண் கவனிக்காது. 300 என்பது காற்று அசையாமல் நிற்கும் அபூர்வ இரவுக்கானது. 400 காகிதத்தில் மட்டும். பத்தில் நான்கு இரட்டிப்பு, அல்லது வேலைக்கு ஆகாதது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ப்ளோசலில் கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்கிற தூரம், அதாவது ஐ ரிலீஃப், குவியத் தூரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். 32 மி.மீ. ஐபீஸில் 22 மி.மீ. கிடைக்கிறது, சுகம். 8 மி.மீ.யில் ஐந்தரை. 6 மி.மீ.யில் நாலுதான். இமைமுடி வில்லையில் உரசும், முடியின் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டும், கண்ணின் வெப்பத்தில் வில்லை பனிக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பக்கத்திலேயே வர முடியாது. அதே பெட்டியிலுள்ள 17 மி.மீ.யை பார்லோவில் மாட்டினால் 8 மி.மீ. ஐபீஸ் தரும் உருப்பெருக்கம் அநேகமாகக் கிடைத்துவிடுகிறது, கண்ணுக்கு 12 மி.மீ.க்குக் குறையாத இடைவெளியோடு. ஆக அந்த 8-ம் 6-ம் பெட்டியில் இருப்பதே குழி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக.

வண்ண வடிகட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பழைய சிறு தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகி மாட்டுகிற ‘சூரிய’ வடிகட்டி ஒன்று வரும். குவிந்த வெயிலில் அது எந்த நொடியிலும் விரிசல் விடலாம், விட்டால் போவது கண். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், வேறொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். சூரியனுக்கான வடிகட்டி குழலின் முன்வாயில் மட்டுமே மாட்ட வேண்டியது.

எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள்

மடங்குக் கணக்கு ஏன் சரியான வழிகாட்டி இல்லை? 100 மடங்கு என்பது 60 மி.மீ. குழலில் ஏறக்குறைய உச்சவரம்பு, 300 மி.மீ. குழலில் தாராளமான நடுத்தரம். ஒரே எண், இரண்டு வேறு அனுபவங்கள். எந்தத் தொலைநோக்கியிலும் ஒரே பொருள் தருகிற எண் ஒன்று வேண்டும். அது ஐபீஸின் மேலேயே பாதி எழுதியிருக்கிறது. ஐபீஸின் மி.மீ. எண்ணை தொலைநோக்கியின் எஃப் எண்ணால் வகுத்தால் வருவது எக்ஸிட் பியூப்பில்: ஐபீஸிலிருந்து வெளியேறி உங்கள் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம். எஃப்/6 குழலில் 24 மி.மீ. ஐபீஸ் என்றால் 4 மி.மீ. 12 மி.மீ. ஐபீஸ் என்றால் 2 மி.மீ.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலில் சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிர்ப்புறமாக, வெளிர் வானத்தை நோக்கிக் குழலைத் திருப்புங்கள். ஐபீஸிலிருந்து ஓர் அடி பின்னால் நின்று பார்த்தால், கண்பக்க வில்லைக்குச் சற்று மேலே ஒரு சின்ன வெளிச்ச வட்டம் அந்தரத்தில் மிதப்பது தெரியும். தொலைநோக்கி திரட்டிய மொத்த ஒளியும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. வெவ்வேறு ஐபீஸ்களை மாற்றி மாட்டினால் வட்டம் பெரிதாவதும் சிறிதாவதும் பளிச்சென்று தெரியும். ஐபீஸ் தேர்வில் எனக்குத் திருப்புமுனை என்று படுவது இந்த வட்டம்தான். இதைப் பார்த்தபின் ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்வி தானாகவே ‘எத்தனை மி.மீ. ஒளி’ என்று மாறிவிடும்.

வட்டத்தின் அளவு மாறும்போது என்ன நடக்கிறது? இருட்டில் இளம் வயதினரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. விரியும். வயது ஏற ஏற 5 அல்லது 6-தான். அதைவிடப் பெரிய வட்டம் வந்தால் ஓரத்து ஒளி கருவிழியில் பட்டு வீணாகும். விபரீதம் ஒன்றுமில்லை, 200 மி.மீ. தொலைநோக்கியை 150 மி.மீ.யாக மாற்றிக்கொண்டது போல ஆகிவிடும். எதிரொளிப்புத் தொலைநோக்கியாக இருந்தால் துணை ஆடியின் நிழல் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாகத் தலைகாட்டலாம். எனவே மேல் எல்லை 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. நகர வெளிச்சம் படிந்த வானத்தில் 4-ஏ மேல். அகலமான கற்றையில் வானத்தின் சாம்பல் பூச்சும் அதே அளவுக்குப் பிரகாசமாகத் தெரியும்.

வட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசி. எனவே 4 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குப் போனால் நெபுலாவும் வானமும் சேர்ந்தே நான்கில் ஒரு பங்குக்கு மங்குகின்றன. இரண்டும் சேர்ந்தே மங்குவதால் விகிதம் மாறுவதில்லை. ஆனால் பொருள் இருமடங்கு பெரிதாகிறது. மங்கலான ஒன்றைக் கண்டுபிடிக்க நம் கண்ணுக்கு வெளிச்சத்தைவிட அளவு அதிகம் உதவும். சின்னதாக, மங்கலாக இருக்கும் கேலக்ஸி 4 மி.மீ.யில் கண்ணுக்குத் தப்பும், 2 மி.மீ.யில் அகப்படும். தவிர, மனிதக் கண் தன் வில்லையின் குறைகள் ஓரம் கட்டப்பட்டுக் கூர்மையாகப் பார்ப்பதும் ஏறக்குறைய 2 மி.மீ. கற்றையில்தான். கோளக் கொத்துகள் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்கள்), கேலக்ஸிகள், நிலாவின் முழு முகம், பெரும்பாலான திறந்த கொத்துகள் (தளர்வாகச் சிதறிய விண்மீன் கூட்டங்கள்) எல்லாமே இந்த இடத்தில் நன்றாக நிற்கும்.

1 மி.மீ.க்கு வந்தால் தொலைநோக்கி தரக்கூடிய நுணுக்கம் கிட்டத்தட்ட முழுதும் கண்ணுக்கு வந்திருக்கும். கோள்களின் களம் இது. 0.7 வரை நல்ல இரவில் போகலாம். 0.5 நெருக்கமான இரட்டை விண்மீன்களுக்கு. அதற்குக் கீழே கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகள் வியாழனின் மேல் ஊர்ந்து போகும். அவை வியாழனுடையவை அல்ல.

இப்போது விதி எளிது. உங்கள் எஃப் எண்ணை 4 அல்லது 5 ஆல் பெருக்கினால் முதல் ஐபீஸ், 2 ஆல் பெருக்கினால் இரண்டாவது, 1 ஆல் பெருக்கினால் மூன்றாவது. எஃப்/5 குழலுக்கு 24, 10, 5. எஃப்/6-க்கு 30 அல்லது 24, அப்புறம் 12, 6. எஃப்/8-க்கு 32, 16, 8. கடையில் அதே எண் கிடைக்காவிட்டால் ஒரு மி.மீ. முன்பின் இருப்பதால் குடி முழுகாது.

இந்த விதியை இரண்டு கோடியிலும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. நீளமுள்ள எஃப்/10 குழலில் விதிப்படி 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கு மட்டுமே தரும். சனியின் வளையம் தெரியும், ஆனால் போதாது. அங்கே எல்லாவற்றையும் கீழே இறக்கி 32, 15, 7 என்று வைக்கலாம். அந்த 7 மி.மீ. 100 மடங்கு, 0.7 மி.மீ. கற்றை. மறுகோடியில் 300 மி.மீ. விட்டம், எஃப்/5 குழலில் விதிப்படி 5 மி.மீ. ஐபீஸ் 300 மடங்கு. தொலைநோக்கி தாங்கும், காற்று தாங்காது. அதற்கு மூன்றாவது ஐபீஸ் 7 மி.மீ.யாக இருக்கட்டும்: 214 மடங்கு, 1.4 மி.மீ. பெரும்பாலான இரவுகளில் காற்று அனுமதிப்பது 150-லிருந்து 200, சில சமயம் 250. விட்டம் பெரிது என்பதற்காகக் காற்று இரக்கம் காட்டுவதில்லை.

முதலாவது: அகலத்துக்கு உள்ள சுவர்

குறைந்த உருப்பெருக்க ஐபீஸில் மக்கள் செய்யும் தவறு ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ஐபீஸைச் செருகும் 1.25 அங்குலக் குழாய்க்கு 40 மி.மீ. ப்ளோசல் வாங்குவது. எண் பெரிதாக இருப்பதால் வானம் அகலமாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியாது. ஐபீஸுக்குள் பார்வைப் புலத்தின் விளிம்பை வரையும் வளையம் ஒன்று இருக்கிறது, ஃபீல்ட் ஸ்டாப். 1.25 அங்குலக் குழாய்க்குள் அது 27 மி.மீ.க்கு மேல் போக இடமில்லை. 50 டிகிரி தோற்றப் புலமுள்ள (ஐபீஸில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம்) 32 மி.மீ. ப்ளோசலே அந்தச் சுவரைத் தொட்டுவிடுகிறது. 40 மி.மீ. ஐபீஸும் அதே 27-ஐத்தான் காட்டும், 43 டிகிரியாகச் சுருங்கிய புலத்தில், ஒரு குழாயின் மறுமுனையை எட்டிப் பார்க்கிற மாதிரி. மறுபக்கம், 68 டிகிரி புலமுள்ள 24 மி.மீ. ஐபீஸும் அதே 27 மி.மீ. சுவரைத் தொடுகிறது. ஆக வானத்தில் ஒரே அகலம், ஆனால் உருப்பெருக்கம் கூடுதல், பின்னணி இருட்டு, புலம் விசாலம். 1.25 அங்குலம் மட்டும் ஏற்கும் தொலைநோக்கி உள்ளவர்கள் அந்த 24/68 வகையைத் தேடுவது நல்லது. பட்ஜெட் இடிக்கிறதென்றால் 32 மி.மீ. ப்ளோசல். 40 வேண்டாம்.

உண்மையில் எத்தனை டிகிரி வானம் தெரியும் என்று அறிய, ஃபீல்ட் ஸ்டாப் விட்டத்தைத் தொலைநோக்கியின் குவியத் தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். 1200 மி.மீ. குழலில் 27 மி.மீ. ஸ்டாப் என்றால் 1.29 டிகிரி. கார்த்திகையின் பிரகாசமான விண்மீன்கள் ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் அடங்கும், எனவே பிடிபடும். ஆனால் கூட்டம் கூட்டமாகத் தோன்ற வேண்டுமானால் அதைச் சுற்றிக் கொஞ்சம் வெற்று வானம் வேண்டும். இல்லாவிட்டால் சிதறிய சில விண்மீன்கள் மட்டுமே. 2 அங்குலக் குழாய் இருந்தால், 36 மி.மீ. ஸ்டாப் கொண்ட 30 மி.மீ. ஐபீஸில் 1.7 டிகிரி கிடைக்கும், கார்த்திகை உட்கார்ந்துகொள்ளும். 2 அங்குலத்தின் சுவர் ஏறத்தாழ 46 மி.மீ. 3 டிகிரிக்கு நீளும் ஆண்ட்ரோமீடா இதிலும் முழுதாக அடங்காது. அதற்குக் குட்டைக் குழலோ பைனாகுலரோதான் வழி.

2 அங்குல ஐபீஸுக்குப் போகுமுன் இரண்டு விஷயங்களைச் சோதித்துவிடுங்கள். சில நியூட்டோனியன்களில் (டாப்சோனியன் போன்ற ஆடித் தொலைநோக்கிகள்) ஐபீஸை முன்பின் நகர்த்திக் கூர்மையாக்கும் ஃபோகஸர் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கும், ஆனால் இடமிருக்காது. விண்மீன் கடைசிவரை ஒரு தட்டாகவே நிற்கும். (வெளியே இழுக்க இடம் போதாத எதிர்ச்சிக்கலுக்கு ஒரு நீட்டிப்புக் குழாய் போதும். உள்ளே போகாத சிக்கலுக்கு மலிவான மருந்து கிடையாது.) இன்னொன்று எடை. பெரிய அகலப்புல ஐபீஸ் ஒரு கிலோ வரை போகும். டாப்சோனியன் மூக்கு குத்திக்கொண்டு இறங்கும். இரும்புக் குழலாக இருந்தால் அடிப்பக்கத்தில் சில காந்தங்களை ஒட்டிச் சமன் செய்யலாம்.

புலத்தின் ஓரத்தில் விண்மீன்கள் கோணலாகத் தெரிந்தால் உடனே ஐபீஸைத் திட்டுகிறோம். யார் குற்றவாளி என்று பார்க்கச் சில நொடிகள் போதும். ஓரத்து விண்மீன் மட்டும் மங்கலாக இருந்து, ஃபோகஸைச் சிறிது திருப்பினால் புள்ளியாகிவிட்டால் அது புல வளைவு. ஒவ்வொரு விண்மீனும் குட்டி வால்மீன் போல வாலை வெளிப்பக்கம் நீட்டினால் அது கோமா, எஃப்/5-ம் அதற்குக் கீழும் உள்ள பரவளைய ஆடியின் சொந்தச் சொத்து. எவ்வளவு விலையுயர்ந்த ஐபீஸ் போட்டாலும் போகாது, கோமா கரெக்டர்தான் தேவை. விண்மீன் ஒரு கோடாக நீண்டு, ஃபோகஸின் மறுபக்கம் போனதும் அந்தக் கோடு குறுக்காகத் திரும்பினால், அல்லது பறவை சிறகு விரித்தது போலத் தெரிந்தால், அது அஸ்டிக்மாட்டிசம். இதுதான் ஐபீஸின் குற்றம். மலிவான அகலப்புல ஐபீஸ்கள் எஃப்/10 குழலில் ஓரம் வரை ஒழுங்காக நடந்துகொள்ளும், எஃப்/5 குழலில் வெளி மூன்றில் ஒரு பங்கு குழம்பிப்போகும். எனவே ஒரு ஐபீஸைப் பற்றி ‘ஓரம் வரை ஊசிமுனை’ என்று யாராவது சொன்னால், எந்த எஃப் எண்ணில் பார்த்தார் என்பது தெரியாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது: பணம் போக வேண்டிய இடம்

பெரும்பாலோர் முதலில் செலவழிப்பது ஒன்று பெரிய அகலப்புலத்தில், அல்லது கோள்களுக்கான சின்ன எண்ணில். இரண்டும் கவர்ச்சியானவை. ஆனால் தொலைநோக்கியில் அதிக நேரம் கிடக்கப்போவது 2 மி.மீ. கற்றை தரும் நடு ஐபீஸ். கையில் உள்ளதில் நல்லது அதுவாக இருக்க வேண்டும்.

1860-ல் வியன்னாவின் கேயார்க் சைமன் ப்ளோசல் அமைத்த நான்கு வில்லை வடிவம் இன்றும் நேர்மையானது. எஃப்/6-ல் நடுப்பகுதி கூர்மை குறையாது. 12 மி.மீ. அளவில் அதன் குறை ஐ ரிலீஃப் 8 மி.மீ.யாக இறங்கிவிடுவதும், புலம் 50 டிகிரியில் நிற்பதும். தானியங்கி மோட்டார் இல்லாத டாப்சோனியனில் இரண்டாவது குறை முக்கியம். வான நடுக்கோட்டில் விண்மீன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். 100 மடங்கில் 52 டிகிரி ஐபீஸ் அரை டிகிரி வானத்தைக் காட்டும். ஒரு பொருள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 82 டிகிரி ஐபீஸில் மூன்றேகால் நிமிடம். குழலைத் தள்ளியதும் வரும் அதிர்வு அடங்க இரண்டு மூன்று நொடி, கண் பழக இன்னும் கொஞ்சம். மிச்ச நேரம்தான் பார்க்கும் நேரம். ஒமேகா சென்டாரி போன்ற 36 ஆர்க் நிமிட அகலமுள்ள கோளக் கொத்து 52 டிகிரியில் விளிம்பை முட்டிக்கொண்டு நிரம்பிவிடும். 82-ல் சுற்றிலும் இருட்டோடு நிற்கும். சந்திரத் தரையிறங்கு கலத்தின் பயிற்சிக் கருவிக்கு அகன்ற புல ஒளியியல் வடிவமைத்த ஆல் நாக்லர், 1980 வாக்கில் இந்த 82 டிகிரியை அமெச்சூர் வானியலுக்குக் கொண்டுவந்தார். இன்று பல நிறுவனங்கள் அதே புலத்தைச் செய்கின்றன. 100 டிகிரியும் இருக்கிறது. ஓரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்பதால் எனக்கு அதில் பெரிய மோகமில்லை. அடிப்படைத் தொகுதிக்கு 60-லிருந்து 82 வரை போதும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இங்கே ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸரைத் திருப்பினால் முடிந்தது. அஸ்டிக்மாட்டிசம் இருந்தால்தான் கண்ணாடி தேவை, அதுவும் அகலமான கற்றையில். கற்றை 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் கண்ணின் நடுப்பொட்டு மட்டுமே பயன்படுவதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. சோதிக்க எளிய வழி: பெரிய எண் ஐபீஸில் ஒரு பிரகாசமான விண்மீனைக் கூர்மையாக்கிவிட்டு தலையைச் சாய்த்துப் பாருங்கள். விண்மீனின் முள் தலையோடு சேர்ந்து சுழன்றால் குறை கண்ணில். ஐபீஸைச் சுழற்றும்போது சுழன்றால் ஐபீஸில். இரண்டுக்கும் அசையாவிட்டால் தொலைநோக்கியில். கண்ணாடியோடுதான் பார்ப்பீர்கள் என்றால் 16 மி.மீ.க்குக் குறையாத ஐ ரிலீஃப் வேண்டும், 18 முதல் 20 வசதி. விளம்பரத்தில் தரும் எண் வில்லையின் பரப்பிலிருந்து அளந்தது. வில்லை உள்ளே குழிந்து, அதைச் சுற்றி ரப்பர் விளிம்பும் இருப்பதால் கைக்கு வருவது அதைவிடச் சில மி.மீ. குறைவு. ஆனால் நீண்ட ஐ ரிலீஃப் உள்ள சிலவற்றில் கண்ணைச் சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் அவரை விதை வடிவில் கறுப்பு நிழல் புலத்தில் நீந்தும். கண்ணைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் பாருங்கள், ரப்பர் விளிம்பின் உயரத்தை அதற்கேற்ப வையுங்கள். நிலாவில் இது அதிகம் தெரியும், கண்மணி சுருங்கிவிடுவதால்.

மூன்றாவது: பார்லோவா, தனி ஐபீஸா

பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பார்லோவினால் பார்லோ இனத்துக்கே கெட்ட பெயர். நல்ல 2 மடங்கு பார்லோ படத்தைக் கெடுப்பதில்லை. ஒளிக்கூம்பை நீட்டுவதால் எஃப்/5 குழலில் ஐபீஸ் எஃப்/10-ல் வேலை செய்வது போலாகி ஓரம் உண்மையில் மேம்படும். கவனிக்க வேண்டியது எண் பொருத்தம். 24-ம் 12-ம் வைத்திருப்பவர் 2 மடங்கு பார்லோ வாங்கினால் 24 மறுபடி 12 ஆகும். ஒரு இடம் வீண். 24-ம் 16-ம் வைத்திருந்தால் 24, 16, 12, 8 என்று நாலு படி கிடைக்கும். எஃப்/6-ல் அவை 4, 2.7, 2, 1.3 மி.மீ. இரண்டு ஐபீஸும் ஒரு பார்லோவும் கொண்டு இதைவிட நல்ல தொகுதி அமைப்பது கடினம். தொலைநோக்கியோடு வழக்கமாக வரும் 25-ம் 10-ம்கூடப் பார்லோவோடு 25, 12.5, 10, 5 என்று பிரிவதால் மோசமில்லை. பல பார்லோக்களில் வில்லை உள்ள அடிப்பகுதி மட்டும் கழன்று வரும். அதை ஐபீஸின் வடிகட்டித் திருகில் மாட்டினால் சுமார் 1.5 மடங்கு. மறுபுறம், பார்லோவை, ஒளியை ஐபீஸ் பக்கம் மடக்கித் திருப்பும் மூலைவிட்டக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டினால் தூரம் கூடி 3 மடங்கை நெருங்கும். 32 மி.மீ. ப்ளோசலைப் பார்லோவில் போடாதீர்கள். ஐ ரிலீஃப் இன்னும் நீண்டு கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாறும்.

கோள்களை விரும்புகிறவர்களுக்குத் தனி ஐபீஸ் வசதி. இருட்டில் இரண்டு துண்டுகளை மாட்டிக் கழற்றும் வேலை மிச்சம். மேல்பக்கப் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கீழே 37-லிருந்து 75-க்குத் தாவலாம். மேலே 150-லிருந்து 300-க்குத் தாவினால் நடுவே இருக்கும் 200 என்கிற நல்ல இரவு கைவிட்டுப் போகும். எஃப்/6 குழலில் நாலாவதாக ஒன்று வாங்கும் எண்ணமிருந்தால் அது 8 மி.மீ. தான். காற்று சுமாராக உள்ள இரவுகளில் 6-ஐவிட அதுவே அதிகம் காட்டும். வியாழன் 45 ஆர்க் செகண்ட் இருக்கும்போது 150 மடங்கில் அதன் தட்டு வெறுங்கண் நிலாவைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு அகலம். பட்டைகளின் மெல்லிய நிற வேறுபாடு அதற்கு மேல் பெருக்கும்போது கரைந்துபோகிறது. சனியும் நிலாவும் இன்னும் கொஞ்சம் தாங்கும். யாழ் மண்டலத்தின் எப்சிலான் ‘இரட்டை இரட்டை’ போன்ற இரண்டேகால் ஆர்க் செகண்ட் ஜோடிகளுக்கு 150-லேயே நடுவில் கறுப்புக் கோடு விழும்.

விழவில்லை என்றால் ஐபீஸைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு விண்மீனை ஃபோகஸிலிருந்து விலக்கி வளையங்களைப் பாருங்கள். நிழல் நடுவில் இல்லாவிட்டால் ஆடிகள் நேர்கோட்டில் இல்லை. வளையத்துக்குள் ஏதோ மெதுவாகச் சுழன்று ஏறினால் ஆடி இன்னும் ஆறவில்லை, 200 மி.மீ. ஆடிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கேட்கும். எல்லா வளையமும் ஓடும் தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளிந்தால் அது மேல்காற்று. இந்த மூன்றுக்கும் புது ஐபீஸ் மருந்தல்ல, விலை எதுவானாலும்.

8–24 ஜூம் ஐபீஸைப் பற்றிக் கேட்பார்கள். 24 முனையில் புலம் 40 டிகிரியை ஒட்டிச் சுருங்கிவிடும், அகலத்துக்கு உதவாது. 8 முனையில் 60 டிகிரி, மிக நன்று. அடிப்படைத் தொகுதிக்கு ஒரு 32 ப்ளோசலும் ஒரு ஜூமும் என்று நிறுத்திக்கொள்கிறவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். ஜூமின் இன்னொரு பயன் அது உங்கள் பழக்கத்தைக் காட்டிக்கொடுப்பது. சில மாதம் பயன்படுத்தி, கை எந்த எண்ணில் வழக்கமாக நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்து வாங்க வேண்டிய நிலையான ஐபீஸின் எண் அதுவே.

வாங்கும் வரிசை பற்றிக் கேட்டால்: தொலைநோக்கியோடு வந்த இரண்டில் 10 மி.மீ.தான் பலவீனமானது, முதலில் அதை மாற்றுங்கள். அந்த இடத்துக்கு உங்கள் எஃப் எண்ணின் இருமடங்கை ஒட்டிய ஒரு நல்ல ஐபீஸ். அதன்பின் அகலப்புலம். கோள் ஐபீஸ் கடைசியில், உங்கள் இடத்துக் காற்று எவ்வளவு அனுமதிக்கிறது என்று தெரிந்த பிறகு. கூட வந்த 25 மி.மீ.யை விற்க வேண்டாம். பார்க்க வருகிற குழந்தைகள் வில்லையில் விரலை வைக்காமல் போவதில்லை, அவர்களுக்கு அதைக் கொடுக்கலாம். விரல் ரேகை பட்டால் முதலில் காற்றுப் பம்பால் தூசை ஊதிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டு, வில்லையில் நேராக விடாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தாமல் ஒருமுறை துடையுங்கள். மூடும் முன் பனி ஈரம் முழுக்கக் காயட்டும், ஈரத்தோடு மூடிய பெட்டியில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த வில்லையின் பூச்சு திரும்பி வராது.